நாற்பத்திரண்டு அங்குலம்

பார் மேடை என்றால் நாற்பத்திரண்டு அங்குலம்,
எங்கும் அதுதான் வழக்கம் என்றேன்.
ஜெயக்கொடி சார் டேப்பை வாங்கி
தன் இடுப்போடு வைத்துப் பார்த்தார்.
பிறகு கீழே இறக்கி
'முப்பது போதும்மா' என்றார்.

நாகமலைப் புதுக்கோட்டை, மாடியில்
பன்னிரண்டுக்குப் பத்து அறை.
ஜன்னலுக்கு வெளியே மலை
வெயில் காயும் உடும்பாய்க் கிடந்தது.
நான் கொண்டுபோன படங்களில்
கருமர அலமாரி, பித்தளைக் கால்கம்பி,
பாட்டில்களுக்குப் பின்னால் தேன் நிற வெளிச்சம்,
உயர்ந்த ஸ்டூல்கள், வரிசையாக, காலியாக.
படங்களில் யாரும் குடிப்பதில்லை.

மரத்துக்கு மட்டும் மறுபேச்சு இல்லை.
ஈட்டி வெனியர், ஆறு கோட் பாலிஷ்.
'கறுப்பாவே இருக்கட்டும்,
சிந்துனாத் தெரியாது.'

அலமாரி முதுகுக்குக் கண்ணாடி வேண்டாமாம்.
ஒரு பாட்டில் ரெண்டாய்த் தெரியும், அழகு சார் என்றேன்.
'அவன் மூஞ்சிய அவனே பாத்துக்கிட்டு
உக்காந்திருக்கணுமா?'
யார் என்று நான் கேட்கவில்லை.
கேட்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல்
இந்தத் தொழிலில் உண்டு.

ஸ்டூல் வேண்டாம், கை வைத்த நாற்காலி இரண்டு.
மூலை எதுவும் கூராக நிற்கக் கூடாது.
மேலூர்ப் பக்கம் கல் வியாபாரம் செய்கிற மனிதர்
தரைக்குக் கல் வேண்டாம், பலகை போடுங்கள் என்றார்.
அவர் மனைவி பாண்டீஸ்வரி காபியோடு வந்து
ஒன்றே ஒன்று கேட்டார்:
தண்ணி ஊத்திக் கழுவுனா
பலகை தாங்குமா?

பன்வர்லால், ஜோத்பூர்க்காரன்,
பதினோரு வருஷமாய் மதுரையில் இழைக்கிறவன்,
ஆறாவது மூலையை உருட்டும்போது
மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்:
'மேடம், இது பாரா, பால்வாடியா?'
மரத்தூள் மூக்கில் ஏறச் சிரித்தோம்.

நாலாவது கோட் அடித்த மத்தியானம்
சாருக்கு ஒரு போன் வந்தது.
எந்தப் பக்கம், பாலத்துக்கு அங்குட்டா இங்குட்டா
என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.
திரும்பி வரும்போது கூட ஒருவர்.
சட்டைப் பையில் மூடியில்லாத பேனா,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
மாடிப்படியை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஏறுவதுபோல
தவசி ஏறி வந்தார்.

புது மர வாசனையில் கொஞ்ச நேரம் நின்றார்.
பன்வர்லால் துணியை ஒளித்துக்கொண்டான், ஏனோ.
'யாருக்குண்ணே இது?'
'எனக்குத்தான்.'
'நீதான் குடிக்க மாட்டியே.'
ஜெயக்கொடி சார் ஈரப் பாலிஷைப் பார்த்தபடி சொன்னார்:
'பழகிக்கிறேன்டா.'

தவசி சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
நான் ஜன்னல் பக்கம் போய்
அளந்த இடத்தையே இன்னொரு தடவை அளந்தேன்.

ஒப்படைக்கிற அன்று
எட்டுக் கதவையும் ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டினேன்.
வெளிநாட்டு ஹிஞ்ஜ் சார்,
விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும்,
பூனை நடக்கிற மாதிரி, சத்தமே வராது.
பெருமையாகத்தான் சொன்னேன்.
விலையையும் சொன்னேன்.

தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.
முன்னால் புதுக் கண்ணாடித் தம்ளரில்
வெறும் தண்ணீர்.
அதை எப்படிப் பிடிப்பது என்று
விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

'சத்தம் வர்றது இருக்காம்மா?'
புரியாமல் நின்றேன்.
'ராத்திரி அவன் திறந்தா
கீழ எனக்குக் கேக்கணும்.'

டவுன்ஹால் ரோட்டில் பன்வர்லால் வாங்கி வந்தது
சாதாரணக் கீல், ஜோடி நாற்பது ரூபாய்.
மாட்டி முடித்ததும் ஒரு கதவைத் திறந்து பார்த்தார்.
கிறீச்சென்றது.
இன்னொரு தடவை திறந்தார்.
கீழே அடுப்படியிலிருந்து பாண்டீஸ்வரி
'கேக்குதுங்க' என்றார்.

கழற்றிய ஹிஞ்ஜுகள்
இன்னும் என் கார் டிக்கியில் கிடக்கின்றன.
வேறு வீட்டுக்குப் போட்டுவிடலாம், புதுசுதான்.
காளவாசல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது
பின்னால் கிலுங்கும்.
யாரோ எதையோ திறக்கிறார்கள் என்று
ஒரு நொடி
காலை பிரேக்கில் வைக்கிறேன்.